வளர்த்த கடா

2025-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் ஒரு நாள் காலை, எட்டாம் வகுப்பில் பூகோள பாடம் நடத்திக் கொண்டிருந்தேன். சுவரில் ஆசியாக் கண்டத்தின் படம் தொங்கிற்று. கைபர் கணவாயைக் கோலால் தொட்டுக் காட்டி, "ஆதிகாலம் முதல் படைகளும் வர்த்தகர்களும் வந்த வழி இதுதான்" என்று சொல்லிக் கொண்டிருந்தபோது, பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து நின்றான்.

"ஸார், தாலிபான்களைப் பாகிஸ்தான்தான் வளர்த்தது என்று போன வாரம் சொன்னீர்கள். இப்போது அந்தத் தாலிபான்களோடேயே பாகிஸ்தான் யுத்தம் செய்கிறது என்று பத்திரிகையில் போட்டிருக்கிறதே! வளர்த்தவர்களோடு ஏன் ஸார் சண்டை?"

"வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்று கேள்விப்பட்டதில்லையா?" என்று சொல்லி அவனை உட்கார வைத்தேன். வகுப்பு சிரித்தது, மணியும் அடித்தது. ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பழமொழி ஒன்றைச் சொல்லிக் குழந்தையின் வாயை அடைப்பது உபாத்தியாயர்களுக்குக் கைவந்த வித்தை. கடாவை யார் கொண்டு வந்தார்கள், எதற்காகக் கொண்டு வந்தார்கள், என்ன தீனி போட்டார்கள், எந்த நாளில் அது திரும்பிப் பார்த்தது என்பதையெல்லாம் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்? அன்று வகுப்பில் சொல்லாமல் விட்டதை இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

மலை மேல் ஒரு கோடு

கதை 1893-ம் வருஷத்தில் தொடங்குகிறது. பிரிட்டிஷ் இந்திய சர்க்காரின் வெளிநாட்டுக் காரியதரிசியான ஸர் மார்ட்டிமர் ட்யூரண்ட் காபூலுக்குச் சென்று, அமீர் அப்துர் ரஹ்மானோடு ஓர் ஒப்பந்தம் செய்து கொண்டார். அதன்படி இரு ராஜ்யங்களின் அதிகாரத்துக்கும் நடுவே ஓர் எல்லைக்கோடு வரையப்பட்டது. அதன் நீளம் சுமார் 2,600 கிலோ மீட்டர். கோடு காகிதத்தில் நேர்த்தியாகத்தான் இருந்தது. ஆனால் மலையிலே அது பட்டாணியர் என்று நாம் அழைக்கும் பஷ்தூன் மக்களின் கிராமங்களையும் மேய்ச்சல் நிலங்களையும் உறவு முறைகளையும் இரண்டாக வெட்டிற்று. அண்ணன் வீடு அந்தப் பக்கம், தம்பி வீடு இந்தப் பக்கம் என்று ஆயிற்று.

1947-ல் பாகிஸ்தான் பிறந்தபோது அந்தக் கோடும் அதற்குச் சீதனமாக வந்தது. காபூல் சர்க்கார் கோட்டை ஒப்புக் கொள்ளவில்லை. அந்த வருஷம் செப்டம்பரில் பாகிஸ்தானை ஐக்கிய நாட்டு ஸ்தாபனத்தில் சேர்ப்பதற்கு எதிராக வாக்களித்த ஒரே தேசம் ஆப்கானிஸ்தானந்தான். பிறகு அந்த வாக்கை வாபஸ் வாங்கிக் கொண்டது. மனத்தாங்கலை வாபஸ் வாங்கவில்லை. பஷ்தூன்களுக்குத் தனி நாடு வேண்டும் என்ற கோஷத்தைக் காபூல் அவ்வப்போது எழுப்பி வந்தது.

கராச்சியிலும் ராவல்பிண்டியிலும் ஆட்சி செய்தவர்களுக்கு இதனால் தூக்கம் கெட்டது. கிழக்கே இந்தியாவோடு காஷ்மீர் தகராறு. மேற்கே காபூலோடு எல்லைத் தகராறு. 1971-ல் வங்காளப் பகுதி பிரிந்து பங்களாதேஷ் என்ற தனி நாடான பிறகு, இருக்கிற நாடாவது மிஞ்சுமா என்ற பயமே அவர்களுடைய ராஜதந்திரத்துக்கு அஸ்திவாரமாயிற்று. காபூலில் தங்களுக்கு இணக்கமான ஓர் அரசு இருந்தே தீர வேண்டும் என்று அவர்கள் தீர்மானித்ததற்கு இதுதான் காரணம். பயந்தவன் செய்யும் காரியங்களைப் புரிந்து கொள்ள வேண்டுமானால் முதலில் அவனுடைய பயத்தைப் புரிந்து கொள்ள வேண்டும்.

முதல் கைப்பிடித் தீனி

இந்தக் கடாவை வளர்த்தவர் ஜெனரல் ஜியா உல் ஹக் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் முதல் கைப்பிடித் தீனி போட்டது, மத பக்தி விஷயத்தில் அதிகமாகப் பெயர் வாங்காத ஜுல்பிகார் அலி பூட்டோவின் சர்க்கார்.

1973-ல் காபூலில் மன்னர் ஜாஹிர் ஷாவைத் தள்ளிவிட்டு, அவருடைய உறவினர் தாவூத் கான் ஆட்சியைப் பிடித்தார். தாவூத் பஷ்தூன் தனி நாட்டுக் கோரிக்கையில் மிகுந்த பிடிவாதம் உடையவர். அவருக்குப் பயந்து ஓடி வந்த மதவாதி இளைஞர் சிலருக்குப் பெஷாவரில் அடைக்கலமும் ஆயுதப் பயிற்சியும் கிடைத்தன. குல்புதீன் ஹெக்மதியார், புர்ஹானுதீன் ரப்பானி, அகமது ஷா மசூது ஆகிய பெயர்கள் பிற்காலத்தில் உலகமெல்லாம் தெரிந்த பெயர்களாயின. 1975-ல் அவர்கள் பஞ்ச்ஷீர் பள்ளத்தாக்கில் ஒரு கலகத்தைக் கிளப்பித் தோற்றுத் திரும்பினார்கள். காரியம் பலிக்கவில்லை, ஆனால் ஒரு பழக்கம் ஏற்பட்டு விட்டது. அண்டை வீட்டுக்காரனோடு வழக்கு வந்தால், அவன் வீட்டுப் பிள்ளைகளிலேயே கோபக்காரர்களைக் கூப்பிட்டுக் கையில் கழியைக் கொடுத்து அனுப்பலாம் என்ற பழக்கந்தான் அது.

1979-ம் வருஷம் டிசம்பர் மாதக் கடைசியில் சோவியத் ருஷ்யாவின் துருப்புகள் ஆப்கானிஸ்தானத்துக்குள் புகுந்தன. அதோடு சிறிய பழக்கம் பெரிய வியாபாரமாயிற்று. 1977-ல் ராணுவப் புரட்சி செய்து பூட்டோவைக் கவிழ்த்திருந்த ஜியா, ஒரே இரவில் மேல்நாட்டாருக்கு வேண்டியவரானார். அமெரிக்க ஜனாதிபதி கார்ட்டர் 40 கோடி டாலர் உதவி தருவதாகச் சொன்னபோது, அது வெறும் வேர்க்கடலை என்று ஜியா ஒதுக்கித் தள்ளினார். அடுத்து வந்த ரேகனோ ஆறு வருஷங்களுக்கு 320 கோடி டாலர் கொடுக்க இசைந்தார். இது பாகிஸ்தானுக்குக் கிடைத்தது. ஆப்கான் போராளிகளுக்கென்று அமெரிக்கா ரகசியமாகக் கொடுத்த பணமும், அதற்கு ஈடாக ஸௌதி அரேபியா கொடுத்த பணமும் தனி.

இந்தப் பணத்தையும் ஆயுதங்களையும் பங்கிட்டுக் கொடுக்கும் அகப்பை, ஐ.எஸ்.ஐ. என்னும் பாகிஸ்தான் ராணுவ ஒற்று இலாகாவின் கையில் இருந்தது. ஆயுதங்கள் கராச்சித் துறைமுகத்தில் வந்து இறங்கும். எந்தக் கூட்டத்துக்கு எவ்வளவு என்பதை இலாகா தீர்மானிக்கும். பெஷாவரில் இருந்த ஏழு கட்சிகளில் ஹெக்மதியாரின் கட்சிக்குத்தான் பெரும் பங்கு கிடைத்தது. ஆப்கான் ஜனங்களிடத்தில் அவருக்கு இருந்த செல்வாக்கு அதற்குக் காரணமன்று. தங்கள் சொற்படி நடப்பார் என்று ராவல்பிண்டி நம்பியதுதான் காரணம். அகப்பை பிடித்தவன் தன்னவனானால் பந்தியில் கடைசியில் உட்கார்ந்தாலும் கவலையில்லை அல்லவா?

அகதிகளாக 30 லட்சத்துக்கு மேற்பட்ட ஆப்கானியர் பாகிஸ்தானுக்குள் வந்து சேர்ந்தார்கள். கூடாரங்களில் பிறந்த குழந்தைகளுக்கு எல்லைப்புறத்து மதரஸாக்களே பள்ளிக்கூடமாகவும், சாப்பாட்டு விடுதியாகவும், பெற்றோராகவும் அமைந்தன. 1989-ம் வருஷம் பிப்ரவரி 15-ந் தேதி கடைசி ருஷ்யப் படையாள் ஆற்றைக் கடந்து ஊர் திரும்பினான். ஜெயம் என்று பலர் கொண்டாடினார்கள்.

ஆனால் அதற்குப் பத்து மாதங்களுக்கு முன்பே ஓர் எச்சரிக்கை கிடைத்திருந்தது. 1988-ம் வருஷம் ஏப்ரல் 10-ந் தேதி, ராவல்பிண்டிக்கு அருகே ஓஜ்ரி என்னும் இடத்தில், ஆப்கான் போருக்காகச் சேர்த்து வைத்திருந்த ஆயுதக் கிடங்கு வெடித்தது. அண்டை நாட்டின் மேல் எறிவதற்காக வைத்திருந்த ராக்கெட்டுகள் சொந்தத் தலைநகரத்தின் வீதிகளில் விழுந்தன. ஏறக்குறைய 100 பேர் மாண்டார்கள். பின்னால் நடக்கப் போவதற்கெல்லாம் அன்றே ஒத்திகை நடந்து விட்டது என்று இப்போது தோன்றுகிறது.

மாணாக்கர் படை

ருஷ்யர் போன பிறகு ஜெயித்தவர்கள் தங்களுக்குள் சண்டையிட்டுக் கொண்டார்கள். ராவல்பிண்டி நம்பிய ஹெக்மதியார் காபூலைப் பிடிக்கவில்லை. அதன் மேல் ராக்கெட்டுகளைத்தான் பொழிந்தார். இந்தக் குழப்பத்தின் நடுவே 1994-ல் காந்தஹார்ப் பிரதேசத்தில் முல்லா முகமது ஒமர் தலைமையில் ஒரு புதுக் கூட்டம் எழுந்தது. பெரும்பாலோர் மதரஸாவில் படித்தவர்கள். ஆகவே 'மாணாக்கர்' என்று பொருள்படும் தாலிபான் என்ற பெயரைச் சூட்டிக் கொண்டார்கள். ஓர் உபாத்தியாயனுக்கு இந்தப் பெயர் முள்ளாய்க் குத்துகிறது, என்ன செய்வது!

அப்போது பேநஸீர் பூட்டோ பிரதம மந்திரி. மத்திய ஆசியாவோடு தரைமார்க்கமாக வியாபாரம் செய்ய வேண்டும் என்பது அவருடைய சர்க்காரின் ஆசை. 1994 இறுதியில் துர்க்மேனிஸ்தானத்தை நோக்கிப் புறப்பட்ட பாகிஸ்தான் லாரி வரிசை ஒன்றைக் காந்தஹார் அருகே உள்ளூர்ப் படைத் தலைவர்கள் மறித்துக் கொண்டார்கள். தாலிபான்கள் சென்று லாரிகளை மீட்டுக் கொடுத்தார்கள். அந்தச் சூட்டோடு காந்தஹாரையும் பிடித்தார்கள். வேலைக்கேற்ற ஆள் அகப்பட்டான் என்று இஸ்லாமாபாத் முடிவு செய்தது. எண்ணெய், பணம், ஆயுதம், ஆலோசகர் எல்லாம் வடக்கே சென்றன. 1996-ம் வருஷம் செப்டம்பர் மாதம் காபூல் விழுந்தது. அடுத்த வருஷம் தாலிபான் அரசை அங்கீகரித்த தேசங்கள் பாகிஸ்தான், ஸௌதி அரேபியா, ஐக்கிய அரபு எமிரேட்டுகள் ஆகிய மூன்றே.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அப்படி வளர்த்து ஆளாக்கிய பிறகும், 1893-ம் வருஷத்துக் கோட்டைத் தாலிபான்கள் ஒப்புக் கொள்ளவில்லை. ஐந்து வருஷ ஆட்சிக் காலத்தில் ஒரு முறையாவது அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுத் தரவில்லை. எந்தப் பயத்தைத் தீர்ப்பதற்காகக் கடாவை வாங்கினார்களோ, அந்தப் பயம் தீரவே இல்லை.

கூலிக்கு வைத்த கோபம்

இப்படிப்பட்ட கூட்டங்களை ஒரு சர்க்கார் ஏன் வைத்துக் கொள்கிறது? ராணுவத்தை அனுப்பினால் பகிரங்க யுத்தம்; ஒரு கூட்டத்தை அனுப்பினால், "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று கையை விரிக்கலாம். படையாளுக்குச் சம்பளமும் ஓய்வூதியமும் தர வேண்டும். மத வெறி கொண்ட இளைஞனோ தன் உயிரையே இனாமாகத் தருகிறான். இப்படிச் செலவு குறைவு, பழியும் குறைவு என்று கணக்குப் போடுகிறார்கள்.

காஷ்மீர் விஷயத்திலும் இதே கணக்குத்தான். 1999-ம் வருஷம் டிசம்பர் 24-ந் தேதி, காட்மாண்டுவிலிருந்து டில்லிக்குப் புறப்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸ் விமானத்தைக் கடத்திக் கொண்டு போய்க் காந்தஹாரில் இறக்கினார்கள். பிரயாணிகளை மீட்பதற்காக இந்தியச் சிறையிலிருந்த மூவரை விடுதலை செய்ய நேர்ந்தது. அவர்களில் ஒருவரான மசூத் அஸர், பாகிஸ்தானுக்குப் போய் 2000-ம் வருஷத்தில் ஜெய்ஷ் என்ற கூட்டத்தைத் தொடங்கினார். 2008-ம் வருஷம் நவம்பர் 26-ந் தேதி லஷ்கர் கூட்டத்தைச் சேர்ந்த பத்துப் பேர் கடல் வழியாக வந்து பம்பாயில் நடத்திய கொலையில் 166 பேர் இறந்தார்கள். உயிரோடு பிடிபட்ட ஒருவன் பாகிஸ்தான் பிரஜைதான் என்று அந்த நாட்டு அதிகாரிகளே பிறகு ஒப்புக் கொண்டார்கள்.

கணக்கில் எங்கே பிழை? கூலிக்கு வைத்தவன் எஜமானனின் நோக்கத்துக்காகச் சண்டை போடுவதில்லை; தன் நோக்கத்துக்காகவே போடுகிறான். எஜமானனுடைய கொள்கை காலத்துக்குத் தக்கபடி மாறும். அவனுடைய பிரதிக்ஞை மாறாது. இரண்டும் ஒரே திசையில் போகிற வரையில் நட்பு. வண்டி திரும்புகிற இடத்தில் மாடு திரும்ப மறுத்தால் என்ன ஆகும் என்பது கிராமத்தில் பிறந்த யாருக்கும் தெரியும்.

வண்டி திரும்பிய இடம்

வண்டி திரும்பிய இடம் 2001-ம் வருஷம் செப்டம்பர் மாதம். நியூயார்க், வாஷிங்டன் நகரங்களில் அல் கைதா நடத்திய படுகொலைக்குப் பிறகு, பின் லாடனை ஒப்படைக்கும்படி அமெரிக்கா கேட்டது. பாகிஸ்தானின் ஒற்று இலாகாத் தலைவரே காந்தஹாருக்குப் போய் முல்லா ஒமரிடம் மன்றாடிப் பார்த்தார். விருந்தாளியைக் காட்டிக் கொடுக்க மாட்டோம் என்று ஒமர் மறுத்து விட்டார். வளர்த்தவர் சொல் அன்றைக்கே செல்லவில்லை. அமெரிக்கப் படை வந்தது. தாலிபான் ஆட்சி விழுந்தது.

அதற்குப் பிறகு ஜெனரல் முஷரப் செய்த காரியந்தான் எல்லாவற்றிலும் விபரீதமானது. ஒரு கையால் அமெரிக்காவின் நட்பையும் பணத்தையும் வாங்கினார். மற்றொரு கை தாலிபான்களுக்குக் குவெட்டாவிலும் எல்லைப்புறத்திலும் இடம் கொடுத்தது. அல் கைதாக்காரர்களைப் பிடித்துக் கொடுப்பது, ஆப்கான் தாலிபான்களைப் பத்திரப்படுத்தி வைப்பது, தங்களை எதிர்க்கும் உள்ளூர்க் கூட்டங்களை மட்டும் அடக்குவது என்று மூன்று தனி அறைகளாகப் பிரித்து வைத்தார். நல்ல தாலிபான், கெட்ட தாலிபான் என்று பேர் வழங்கிற்று. ஆனால் மலைக்காட்டில் அறைகளுக்குச் சுவர் ஏது? அவர்கள் எல்லாரும் ஒரே மதரஸாவில் படித்தவர்கள். ஒரே இடத்தில் துப்பாக்கி சுடக் கற்றவர்கள். பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள்.

2003-ம் வருஷம் டிசம்பரில் பதினொரு நாள் இடைவெளியில் இரண்டு தடவை முஷரபையே கொல்ல முயன்றார்கள். 2004-லும் 2005-லும் 2006-லும் வஜீரிஸ்தான் மலைத் தலைவர்களோடு செய்த உடன்படிக்கைகள் ஒவ்வொன்றாக முறிந்தன. 2007-ம் வருஷம் ஜூலையில் இஸ்லாமாபாத் நடுவிலேயே இருந்த செம்மசூதியை ராணுவம் தாக்கிப் பிடிக்க வேண்டியதாயிற்று. அந்த வருஷம் டிசம்பரில் சிதறிக் கிடந்த கூட்டங்கள் பல பைதுல்லா மெஹ்சூது தலைமையில் ஒன்றுகூடி, பாகிஸ்தான் தாலிபான் என்ற பெயரில் சொந்த சர்க்காரின் மேலேயே யுத்தம் தொடுத்தன. முல்லா ஒமரே தங்கள் தலைவர் என்று அவர்களும் சத்தியம் செய்தார்கள்.

ஸ்வாத் பள்ளத்தாக்கில் அவர்களுடைய அதிகாரம் ஏற்பட்டபோது, பெண் குழந்தைகளின் பள்ளிகள் இழுத்து மூடப்பட்டன; பல கட்டடங்கள் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. 2009-ல் ராணுவம் நுழைந்து சண்டையிட்டபோது 20 லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். 2012-ம் வருஷம் அக்டோபர் 9-ந் தேதி பள்ளியிலிருந்து வண்டியில் வீடு திரும்பிய மலாலா என்ற பதினைந்து வயதுச் சிறுமியைத் தலையில் சுட்டார்கள். அவள் பிழைத்துக் கொண்டாள். இரண்டு வருஷம் கழித்து நோபல் சமாதானப் பரிசும் பெற்றாள்.

இந்த விளையாட்டைப் பாகிஸ்தான் மாத்திரம் ஆடவில்லை. ஸ்வாத்திலிருந்து ஓடிய பஸ்லுல்லா, எல்லையைத் தாண்டி ஆப்கான் மண்ணில் ஒளிந்து கொண்டு, அங்கிருந்தே பாகிஸ்தான் தாலிபானுக்குத் தலைவரானார். 2013-ல் அந்தக் கூட்டத்தின் முக்கியஸ்தர் ஒருவர் காபூல் ஒற்றர்களோடு இருக்கையில், அமெரிக்கத் துருப்புகள் அவரைப் பறித்துக் கொண்டு போயின. நீ என் வீட்டுக்கு அனுப்பினால் நான் உன் வீட்டுக்கு அனுப்புகிறேன் என்று காபூலும் கணக்குப் போட்டதற்கு இது அடையாளம். தன் மண்ணில் நடக்கும் கொலைகளுக்கு இந்தியாவே காரணம் என்று பாகிஸ்தானும் குற்றம் சாட்டி வந்திருக்கிறது; இந்தியா அதை மறுத்து வந்திருக்கிறது.

பெஷாவர்ப் பள்ளிக்கூடம்

2014-ம் வருஷம் டிசம்பர் 16-ந் தேதியைப் பற்றி எழுதும்போது என் பேனா தயங்குகிறது. பெஷாவர் நகரத்தில் ராணுவத்தார் நடத்தும் பள்ளிக்கூடம் ஒன்று. காலை வேளை. பெரிய வகுப்புப் பையன்கள் மண்டபத்தில் கூடி முதல் உதவிச் சிகிச்சை கற்றுக் கொண்டிருந்தார்கள். அடிபட்டவனுக்கு எப்படிக் கட்டுப் போடுவது என்பதுதான் அன்றைய பாடம். பின்புறச் சுவர் ஏறிக் குதித்து வந்த பாகிஸ்தான் தாலிபான்கள் நேரே அந்த மண்டபத்துக்குள் புகுந்தார்கள். 130-க்கு மேற்பட்ட குழந்தைகள் மாண்டார்கள். குழந்தைகளை விட்டு வெளியேறாத தலைமை ஆசிரியையும், வேறு ஆசிரியர்களும் அவர்களோடு மடிந்தார்கள்.

குழந்தைகளைக் கொல்வது இஸ்லாத்துக்கு விரோதம் என்று ஆப்கான் தாலிபான்களே கண்டனம் தெரிவித்தார்கள். ஆனால் கொன்றவர்கள் யாரைத் தலைவராக ஏற்றுச் சத்தியம் செய்திருந்தார்கள் என்பது ஊரறிந்த விஷயம்.

இனி நல்லவன், கெட்டவன் என்ற வித்தியாசம் பார்ப்பதில்லை என்று பாகிஸ்தான் சர்க்கார் அன்று பிரகடனம் செய்தது. இருபது அம்சத் திட்டம் ஒன்றும் வெளியாயிற்று. வடக்கு வஜீரிஸ்தானில் ராணுவம் கடுமையாகப் போரிட்டது. ஆயிரக்கணக்கான படையாட்கள் அந்த வருஷங்களில் உயிரைக் கொடுத்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. ஆயினும் ஆப்கான் தாலிபான்களுக்குக் கொடுத்த அடைக்கலம் மட்டும் நிற்கவில்லை. 2016-ம் வருஷம் மே மாதம் அவர்களுடைய தலைவர் முல்லா மன்சூர் அமெரிக்கரின் ஆளில்லா விமானத்தால் கொல்லப்பட்டது பாகிஸ்தானின் பலூசிஸ்தான் மாகாணத்துச் சாலையில்தான். அதற்கு ஐந்து வருஷம் முன்பு பின் லாடன் அகப்பட்ட அபோட்டாபாத், பாகிஸ்தானின் ராணுவக் கலாசாலை இருக்கும் ஊர்.

பலித்த ஆசை

2021-ம் வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி தாலிபான்கள் மறுபடியும் காபூலுக்குள் நுழைந்தார்கள். அடிமைத் தளையை ஆப்கானியர் அறுத்து விட்டார்கள் என்ற பொருள்பட அப்போதைய பிரதம மந்திரி இம்ரான் கான் பேசினார். செப்டம்பர் தொடக்கத்தில் பாகிஸ்தான் ஒற்று இலாகாத் தலைவரே காபூலுக்கு விஜயம் செய்தார். நாற்பது வருஷத்து ஆசை பலித்து விட்டது என்று தோன்றிற்று.

ஆனால் தாலிபான்கள் வந்த அன்றே காபூல் சிறைக் கதவுகள் திறந்தன; உள்ளே இருந்த பாகிஸ்தான் தாலிபான் கைதிகளும் வெளியே வந்தார்கள். அமெரிக்கர் விட்டுச் சென்ற ஆயுதங்கள் சிலவும் அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தன. காபூலின் மத்தியஸ்தத்தில் நடந்த சமாதானப் பேச்சு, 2022-ம் வருஷம் நவம்பரோடு முறிந்தது. 2023-ம் வருஷம் ஜனவரி 30-ந் தேதி பெஷாவரில் போலீஸார் குடியிருப்பிலுள்ள மசூதியில் தொழுகை நேரத்தில் குண்டு வெடித்து 80-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெரும்பாலோர் போலீஸ்காரர்கள்.

"அவர்களை ஒப்படையுங்கள், அல்லது விரட்டுங்கள்" என்று இஸ்லாமாபாத் கேட்டது. "இது உங்கள் உள்நாட்டு விவகாரம், எங்கள் மண்ணில் அவர்கள் இல்லை" என்பது காபூலின் பதில். 2001-ல் வாஷிங்டன் கேட்டதும், பிறகு இருபது வருஷம் பழைய காபூல் சர்க்கார் கேட்டதும் இதைத்தான்; இஸ்லாமாபாத் பல தடவை சொன்ன பதிலும் இதுதான். கைகள் மாறினவே ஒழிய வசனம் மாறவில்லை.

2023-ம் வருஷக் கடைசியில் பாகிஸ்தான், அனுமதிச் சீட்டு இல்லாத ஆப்கானியர்களை வெளியேற்றத் தொடங்கியது. லட்சக்கணக்கான ஜனங்கள் மூட்டை முடிச்சுகளோடு எல்லையைக் கடந்தார்கள். அவர்களில் பலர் ஆப்கானிஸ்தானத்தைக் கண்ணாலும் பார்த்திராதவர்கள். பாகிஸ்தான் விமானங்கள் 2022-லும் 2024-லும் எல்லையைத் தாண்டிக் குண்டு வீசின. 2025-ம் வருஷம் அக்டோபரில் காபூல் நகரத்திலேயே வெடிச் சத்தம் கேட்டது. எல்லை நெடுகப் பீரங்கிகள் முழங்கின. கதாரும் துருக்கியும் நடுவில் நின்று, அந்த மாதம் 19-ந் தேதி தோஹாவில் சண்டை நிறுத்தம் செய்து வைத்தன. அந்தச் சண்டை தொடங்கிய வாரத்திலேயே தாலிபான்களின் வெளிநாட்டு மந்திரி புதுடில்லியில் விருந்தாளியாக இருந்தார்! காபூலில் இந்தியாவின் செல்வாக்கைத் தடுப்பதற்காக வளர்த்த கூட்டந்தான் அது என்பதை நினைத்தால், இந்தப் பிரயாணத்துக்கு வியாக்கியானமே வேண்டாம்.

தாலிபான்களுக்கும் இப்போது அதே நோய் பிடித்திருக்கிறது. அவர்களிலும் தீவிரமான 'இஸ்லாமிய ராஜ்யம்' என்னும் கூட்டத்தின் குராசான் கிளை, தாலிபான்களையே மதத் துரோகிகள் என்கிறது. 2024-ம் வருஷம் ஜனவரியில் ஈரானில் கெர்மான் நகரத்திலும், மார்ச்சில் மாஸ்கோ அருகே ஒரு சங்கீத மண்டபத்திலும் நடந்த கொலைகளில் அந்தக் கிளையின் கை இருந்ததென்று கருதப்படுகிறது. கடாவுக்குள்ளே ஒரு குட்டிக் கடா!

யார் வீட்டில் இழவு?

இதை எழுதும்போது எனக்குள் ஒரு பயம் இருக்கிறது. படிக்கிறவர்களில் சிலர், "பாகிஸ்தானுக்கு வேண்டியதுதான்" என்று சொல்லிப் பத்திரிகையை மூடி விடுவார்களோ என்பதுதான் அது. ஆயுதக் கிடங்கின் திட்டத்தைப் போட்டவர்கள் யாரும் ஓஜ்ரியில் சாகவில்லை. பெஷாவர்ப் பள்ளியில் மடிந்த பையன்களில் ஒருவனும் 1994-ல் பிறந்திருக்கவே இல்லை, அல்லது தொட்டிலை விட்டு இறங்கியிருக்க மாட்டான். மசூதியில் இறந்தவர்கள் தொழுது கொண்டிருந்த முஸ்லிம்கள். இந்தக் கூட்டங்கள் கொன்றவர்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்களே. ஆகையால் இதை ஒரு மதத்தின் கதையாகச் சொல்கிறவர்கள், செத்தவர்களையும் சேர்த்துக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறார்கள்.

எல்லையின் அந்தப் பக்கத்திலோ, 2021-க்குப் பிறகு ஆறாம் வகுப்புக்கு மேல் பெண் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடமே கிடையாது. 'மாணாக்கர்' என்று பெயர் வைத்துக் கொண்டவர்களின் ராஜ்யத்தில்!

ஆக, இந்தக் கதையில் நான் காணும் பாடம் ஒன்றுதான். ஆயுதம் தாங்கும் அதிகாரத்தை ஒரு சர்க்கார் வெளியாருக்குக் கடன் கொடுக்கக் கூடாது. கொடுத்த கடன் வசூலாவதே இல்லை. வட்டியைக் கடன் கொடுத்தவனே கட்டுகிறான். ருஷ்யாவின் படையெடுப்பு, அமெரிக்காவின் பணம், எல்லைக்கோட்டின் வழக்கு எல்லாம் இந்த ஆபத்தில் பங்குள்ளவையே. ஆனால் "இவன் நம் ஆள்" என்று ஒரு கொலைகாரனுக்குச் சட்டத்திலிருந்து விலக்குத் தந்த அந்தக் கணந்தான் எல்லாவற்றுக்கும் வித்து. இது பாகிஸ்தானுக்கு மட்டும் சொல்லும் புத்திமதியன்று. எதிரிக்குத்தானே ஏவுகிறோம் என்று நினைக்கும் எந்தத் தேசத்துக்கும், நம்முடையது உள்பட, இது பொருந்தும்.

மறுநாள் வகுப்புக்குப் போனதும் வழக்கம்போல் பெயர்ப் பட்டியலைத் திறந்தேன். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, "உள்ளேன் ஐயா" என்று ஒவ்வொருவனாகப் பதில் சொன்னான். முந்திய நாள் கேள்வி கேட்ட பையனும் சொன்னான். நாற்பத்திரண்டு குரல்களையும் கேட்டு முடித்த பிறகு, பட்டியலை மூடி வைத்து விட்டு, அவனைப் பார்த்து, "நேற்று ஒரு கேள்வி கேட்டாயே, அதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. இன்று சொல்கிறேன், கேள்" என்று பாடத்தைத் தொடங்கினேன்.